பின்வாசல் வழியாப் போகாத, ஆத்தா

ஆத்தா செல்வி,

போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரக பூ வைக்க வந்திருந்தப்ப, நீ பின்பக்கம் பாத்ரூமுக்குள்ள போயி, பைப்பைத் தொறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு நின்ன பாரு ஒரு அஞ்சு நிமிசம், அதப் பத்தித்தான் இந்தக் கடுதாசி. யாருக்கும் தெரியலன்னு நினைச்சுக்கிட்டு வெளிய வந்த, முகத்தைத் துடைச்ச, சிரிச்ச முகமா காப்பித் தட்டைத் தூக்குன. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருபது வருசமா உன் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்த ஆளு நான். சாம்பிராணிப் புகை கூடத்துல சுத்துனதுமே உன் தோள்பட்டை ரெண்டும் மேல ஏறுனதைப் பாத்துட்டேன். தண்ணி விழுகுற சத்தத்துக்கு நடுவுல நீ இன்ஹேலரை அமுக்குன சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு. வந்தவுக யாருக்கும் கேக்கல. அப்பனுக்குக் கேட்டுச்சு.

அவுக போனதுக்கப்புறம் எங்கிட்ட வந்து மெதுவாச் சொன்ன. "அப்பா, எனக்கு வீசிங் இருக்குன்னு அவுக வீட்ல சொல்லிறாதீகப்பா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நான் பாத்துக்கிறேன்." உங்க அத்தை, அதான் என் அக்கா, உனக்குப் பின்னாடி நின்னு தலையை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரு சொல்லிக் குடுத்த பாடம்னு அப்பவே விளங்கிருச்சு. நான் அன்னைக்கு வாயைத் தொறக்கல. நீயும் மறுநாள் காலையில திருச்சிக்கு பஸ் ஏறிட்ட. நேர்ல பேசுனா எனக்குக் கோவம் வரும், கோவம் வந்தா அழுகை வரும், அழுகுற அப்பனைப் பாத்தா நீ பேச்சை மாத்திருவ. அதனால எழுதுறேன். எட்டாவதோட நின்ன ஆளு, பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்க. இதை முடிச்சதும் உங்க அத்தைக்கும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டப் போறேன். அவளுக்கும் கேக்கட்டும். கேக்க வேண்டிய இன்னும் நாலு பேருக்கும் கேக்கட்டும்.

முடிவை முதல்லயே சொல்லிர்றேன். நான் ஒளிக்க மாட்டேன். நீயும் ஒளிக்கக் கூடாதுங்கிறது என் ஆசை. ஏன்னு சொல்றேன். உனக்குப் பாதி தெரிஞ்ச கதைதான். தெரியாத பாதியை இன்னைக்குத்தான் சொல்றேன், அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருசம் தைரியம் வரல.

நாம அப்ப இருந்தது கானாடுகாத்தான்ல, பெரிய வீட்டுப் பின்கட்டுல. வீட்டுக்காரக எல்லாம் சென்னையில. முன்னோருக்குப் போடுற படைப்புக்கு ஒரு தடவை, ஏதாவது விசேசத்துக்கு ஒரு தடவை வருவாக. மத்த நாளெல்லாம் பூட்டுதான். பூட்டுன வீட்டுக்கு நான் காவல், பெருக்கித் துடைக்க உங்கம்மா. அடுப்படிக்கு ஒட்டுன சாமான் அறையில நம்ம மூணு பேரும் படுத்துக்குவோம். அந்த வீட்டுல எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: வீட்டுக்காரக வந்திருக்கையில நாம ஒரு குடும்பம் அங்க இருக்கிறதே தெரியக் கூடாது. சத்தம் வரக் கூடாது, புள்ளை நடுமுத்தத்து வளவுக்குள்ள ஓடக் கூடாது, சமையல் வாசம் கூட முன்பக்கம் போகக் கூடாது. இந்தச் சட்டத்தை வீட்டுக்கார ஆச்சி போட்டாகன்னு நினைக்காத. அந்தம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. நானும் உங்கம்மாளும் நாங்களாப் போட்டுக்கிட்டது. கேட்டாத்தானே திட்டுவாக, கேக்காமலே இருந்துட்டா இடம் நிலைக்கும்னு ஒரு கணக்கு. உனக்கு நடக்கத் தெரிஞ்ச நாள்லயிருந்தே அதைப் பழக்குனோம். 'சத்தம் போடாத ஆத்தா, ஆச்சி வந்திருக்காக.' நீ மூணு வயசுல கொலுசைக் கையில புடிச்சுக்கிட்டு நடந்தவ. அதைப் பாத்து, ஆகா நம்ம புள்ளைக்கு என்னா சூட்டிப்புன்னு நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். இன்னைக்கு நினைச்சா என் வாயிலயே போட்டுக்கிறணும்னு இருக்கு.

உனக்கு எட்டு வயசுல ஆச்சி வீட்ல அறுபதாங்கல்யாணம் வந்துச்சு. பத்து நாளைக்கு முன்னாடியே அறை அறையாத் தொறந்து ஒட்டடை அடிச்சோம். வருசக்கணக்கா அடைஞ்ச தூசி, வௌவால் எச்சம், மேல புதுச் சுண்ணாம்பு. உனக்கு அப்பவே இருமல் பிடிச்சுக்கிச்சு. சளின்னு நினைச்சோம். கசாயம் வச்சுக் குடுத்தா உங்கம்மா. விசேசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஆச்சி வளவுல உக்காந்து சமையல்காரரோட பேசிக்கிட்டு இருந்தாக. பின்கட்டுல நீ விடாம இருமிக்கிட்டு இருந்த. ஆச்சி ஒரு தடவை திரும்பிப் பாத்தாக, அம்புட்டுத்தான். எனக்கு மானமே போன மாதிரி ஆயிருச்சு. உள்ள வந்து, "அடக்கிக்க மாட்டியா?"ன்னு உன் கன்னத்துல ஒண்ணு விட்டேன். இதுதான் உனக்கு நான் சொல்லாத பாதி. நீ மறந்திருக்கலாம். உங்கம்மா அதைப் பத்திப் பேசுனதே இல்ல. இருமுன புள்ளையை இருமுனதுக்காக அடிச்ச அப்பன் நான்.

நீ அடக்கிக்கிட்ட. அன்னைக்கு அடக்குனவ, மறுநாள் கல்யாணத்தப்பயும் அடக்கிக்கிட்ட. வளவுல பந்தி நடக்குது. நான் தண்ணி தூக்குறேன், உங்கம்மா அடுப்படியில நிக்கிறா, நீ சாமான் அறையில இருக்க. பெரிய தாம்பாளம் ஒண்ணு வேணும்னு சமையல்காரரு கேட்டாரு, எடுக்க வந்தேன். நீ மூட்டைக்குப் பின்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்திருந்த. உங்கம்மா பழைய சேலை ஒண்ணைச் சுருட்டி வாயில அடைச்சு வச்சிருந்த. சத்தம் வெளிய வரக் கூடாதுன்னு, நீயா அடைச்சிருக்க. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போயிப் போயி வருது. உதடு நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு. சேலையை உருவுனப்ப நீ எங்கிட்ட கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கேட்டுச்சாப்பா?" எட்டு வயசுப் புள்ளை, சாகக் கிடக்கையில, மூச்சுக்கு நடுவுல கேக்குது, வெளிய கேட்டுச்சான்னு.

இதுக்கு மேல நான் செஞ்ச காரியம்தான் என்னை இன்னைக்கும் அரிச்சுக்கிட்டு இருக்கு. அந்த வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுற வீடு. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. முன்வாசல்ல பன்னெண்டு காரு நிக்குது. டிரைவருமாரு மரத்தடியில உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காக. உன்னைத் தூக்கிக்கிட்டு வளவு வழியா நாப்பது எட்டு எடுத்து வச்சு ஓடுனா கார்ல ஏறியிருக்கலாம். நான் என்ன பண்ணுனேன்? கல்யாண வீட்ல நோயாளிப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு பந்திக்கு நடுவுல ஓடுறதான்னு பின்வாசல் வழியாப் போனேன். அங்குட்டு ஒரு ஈ காக்கா இல்ல. என் டி.வி.எஸ். ஐம்பதைத் தள்ளி, மிதிச்சு, அது இருமி இருமிக் கிளம்பி, உங்கம்மா மடியில உன்னை வச்சுக்கிட்டு, காரைக்குடிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள என் உசுரு என்கிட்ட இல்ல. வழியெல்லாம் நீ ஒரு சத்தம் போடல. சத்தம் போடாத புள்ளையாத்தானே வளத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில மூக்குக்கு மூடி போட்டு மருந்துப் புகை வச்சாக. ரெண்டாவது தடவை வச்சதுக்கு அப்புறம் உன் உதட்டுக்கு ரத்தம் திரும்புச்சு. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தக. உன் தலையைத் தடவிக்கிட்டே, "எப்ப இருந்து பாப்பா இப்படி இருக்கு?"ன்னு கேட்டாக. நீ அவுகளைப் பாக்கல. என்னைப் பாத்த. சொல்லலாமான்னு கண்ணாலயே கேட்ட. நான் தலையாட்டுன பின்னாடிதான் "பத்து நாளா"ன்னு சொன்ன. அந்தம்மா அதைக் கவனிச்சிட்டாக. என்னை வெளிய கூப்பிட்டு வச்சு, குரலை ஒசத்தாமலே பேசுனாக. "ஆஸ்துமாவுக்கு மருந்து இருக்கு, நான் தர்றேன். ஒழுங்காப் போட்டா உங்க பொண்ணு எல்லாரையும் போல ஓடும், ஆடும். ஆனா மூச்சு முட்டுதுன்னு அது உங்ககிட்ட பயமில்லாம வந்து சொல்லணும். அதை நான் சீட்டுல எழுதித் தர முடியாது. அது வீட்லதான் இருக்கு." அவ்வளவுதான் சொன்னாக. அதுக்குப் பதிலா அவுக ரெண்டு அறை விட்டிருக்கலாம், எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

மூணு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தோம். ஆச்சி பின்கட்டுக்கே வந்து உன்னைப் பாத்தாக. அப்புறம் எங்கிட்ட, "ஏம்ப்பா, வாசல்ல இத்தனை காரு நின்னுச்சே, ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"ன்னாக. "கேட்டுப் பழக்கமில்ல ஆச்சி"ன்னேன். அப்புறம் எனக்கே எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, வாய் தன்னால பேசுச்சு. "இனிமே கேப்பேன். எம்புள்ளை இருமும் ஆச்சி. இருமுனா வளவு வரைக்கும் கேக்கும். விருந்தாளி இருந்தாலும் இருமும். இனிமே அடக்கச் சொல்ல மாட்டேன்." ஆச்சிக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நல்ல மனுசிதான், ஆனா எதுத்துப் பேசிக் கேட்டுப் பழக்கமில்லாதவுக. "அப்ப நான் வேற ஆளு பாத்துக்கிறவா?"ன்னாக. "பாத்துக்கங்க ஆச்சி"ன்னேன். உங்கம்மா பின்னால இருந்து என் சட்டையைப் பிடிச்சு இழுக்குறா, நான் திரும்பல. ஆச்சி ஒரு வருசம் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல. ஆளும் பாக்கல. அந்த வௌவாலோட எங்களைத் தவிர எவன் வந்து குடும்பம் நடத்துவான்?

அன்னையில இருந்து சட்டத்தை மாத்துனேன். புகை அடிக்கிற சாமான் அறையை விட்டுட்டு, காத்து வர்ற பக்கமாப் படுக்கையைக் கொண்டாந்தோம். விறகடுப்பை விட்டொழிச்சோம். உங்கம்மா உன் தலகாணி உறையை வாரந்தவறாம வெந்நீர்ல போட்டு அலசுவா. அதெல்லாம் டாக்டரம்மா சொன்னது. சொல்லாம நாங்களாச் செஞ்சது ஒண்ணு இருக்கு. தெனம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்து கேப்பேன், "இன்னைக்கு மூச்சு எப்படி இருந்துச்சு?" முதல்ல ஆறு மாசம் நீ "நல்லா இருந்துச்சு"ங்கிற ஒரே பதில்தான் சொன்ன. பொய்யின்னு எனக்குத் தெரியும். நான் திட்டல. மறுநாளும் கேட்டேன். அதுக்கு மறுநாளும் கேட்டேன். ஒருநாள் நீ என் முகத்தைப் பாக்காமலே சொன்ன, "இன்னைக்கு மாடிப்படியில முட்டுச்சுப்பா." ஆத்தா, அன்னைக்கு நான் பின்வாசலுக்குப் போயி அழுதேன். சந்தோசத்துல அழுதேன்.

அதுக்கப்புறம் உன் வாய் அடைக்கவே இல்ல. மூச்சைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சது, எல்லாத்தையும் பத்தின பேச்சா ஆகிப்போச்சு. கணக்கு வாத்தியார் ஸ்கேலால விரல் முட்டியில அடிச்சதைச் சொன்ன, நான் போயி அவருகிட்ட பேசிட்டு வந்தேன். வயித்து வலியைச் சொன்ன. பரீட்சைக்கு முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்ன. விளையாட்டு டீச்சருகிட்ட ஒரு இன்ஹேலரைக் கொண்டு போயி, நாப்பது புள்ளைக முன்னாடி, "இது எம்மக மருந்து, ஓடுறதுக்கு முன்னாடி போடணும், மறந்தா ஞாபகப்படுத்துங்க டீச்சர்"னு குடுத்துட்டு வந்தேன். நீ வெக்கத்துல செத்துட்ட. ஒரு வாரம் எங்கிட்ட பேசல. ஆனா அந்த வருசம் கோ-கோ டீமுல இருந்தியா இல்லையா? தேவகோட்டையில போட்டிக்குப் போயி முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டு வந்து நின்னியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல.

நான் திருந்திட்டேன்னு பெருமை அடிச்சுக்கிறேன்னு நினைக்காத. பழைய புத்தி எங்க போகும்? உனக்குப் பதிமூணு வயசுல மருந்தை ஒழுங்காப் போடாம, போட்டேன் போட்டேன்னு ஏமாத்திக்கிட்டு இருந்த. தெரிஞ்சதும் எனக்கு வந்துச்சே ஒரு வெறி, கையை ஓங்கிட்டேன். நீ விலகல. கண்ணைக் கூட மூடல. "அடிங்க. அடிச்சா நாளையில இருந்து ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாத்துக்கங்க"ன்ன. ஓங்குன கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன். உங்கம்மா அடுப்படியில விழுந்து விழுந்து சிரிச்சா. என் வாழ்க்கையில என்னை அப்படி மிரட்டுன ஆளு நீ ஒருத்திதான். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு எவனும் குடுத்ததில்ல.

அக்கம்பக்கத்துல என்னென்ன சொன்னாக தெரியுமா? பொட்டப்புள்ளைக்கு ரொம்ப இடம் குடுக்குறான். கூலிக்காரன் வீட்டுப் புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு செல்லம், நாளைக்குப் போற இடத்துல கஷ்டப்படும். நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளந்தோம், திடமாத்தானே இருக்கோம். உங்க அத்தை இன்னைக்கும் இதைத்தான் சொல்லுது. அக்காகிட்ட நான் கேக்குறேன், இதைப் படிச்சுக் காட்டையில நேருக்கு நேரா கேக்கப் போறேன்: யாரு திடமா இருக்கா? நம்ம அப்பாருகிட்ட வலிக்குதுன்னு சொன்னா அதுக்கும் சேர்த்து அடி விழும். முள்ளுக் குத்துனாலும் வாயைத் தொறக்கக் கூடாது. அப்படி வளந்த உடம்புதான் இது. நீயே சொல்லு ஆத்தா, நாப்பத்தெட்டு வயசுல பெரிய வீட்டு மாடியில ஆணி ஏறி, கால்ல புண்ணோட மூணு வாரம் நடந்தேனே, உங்கிட்டயோ உங்கம்மாகிட்டயோ சொன்னேனா? சர்க்கரை இருக்குன்னு எனக்கே அப்பத்தானே தெரியும். நாத்தம் வந்து நீ கண்டுபிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள ரெண்டு விரல் போயிருச்சு. "ஏம்ப்பா சொல்லல, ஏம்ப்பா சொல்லல"ன்னு என் காலைப் பிடிச்சுக்கிட்டு நீ அழுத. என்னத்தைச் சொல்ல? சொல்லித் தந்தவுக யாரும் இல்ல ஆத்தா. சர்க்கரை வந்தது யாரு குத்தம்னு எனக்குத் தெரியாது. விரல் போனது வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதான்.

ஏழை வீட்டுப் புள்ளைக்கு எதுக்குச் செல்லம்னு கேக்குறாகள்ல, நான் சொல்றேன், ஏழை வீட்டுப் புள்ளைக்குத்தான் செல்லம் வேணும். வசதியான வீட்டுப் புள்ளைக்கு மூச்சு முட்டுனா முன்வாசல்ல காரு நிக்குது. தூசி இல்லாத அறை இருக்கு. ஒரு தப்பு நடந்தா தாங்குறதுக்கு நாலு பேரு இருக்காக. நம்ம புள்ளைக்கு என்ன இருக்கு? புகை இருக்கு, தூசி இருக்கு, எப்ப இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவாகளோங்கிற பயம் இருக்கு. அது பத்தாதுன்னு அப்பன் கைக்கும் பயப்படணுமா? நம்ம புள்ளைக்கு அப்பன் ஆத்தா காதை விட்டா வேற ஆஸ்பத்திரி பக்கத்துல இல்ல. அந்தக் காதையும் சாத்திக்கிட்டா அது எங்க போகும்? மூட்டைக்குப் பின்னாடிதான் போகும்.

போன மாசம் நீ ஊதிக் காட்டுன சோதனைக்கு நானும் கூட வந்தேன்ல. அதே டாக்டரம்மா, இப்ப தலையில நரை விழுந்திருச்சு. உன் சீட்டைப் பாத்துட்டு, "இது முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன், அடங்கியிருக்கு. நுரையீரல் ரொம்ப நல்லா இருக்கு செல்வி. மருந்து பாதி, நீ ஒளிக்காம சொன்னது மீதி"ன்னாக. நீ லேப்ல வேலை பாக்குறவ, உனக்கு அந்த நம்பரெல்லாம் விளங்கும். எனக்கு விளங்குனது அந்த மீதிதான். நம்ம மூணு பேரு இருபது வருச உழைப்பு அது. அதைத்தான் ஞாயித்துக்கிழமை நீ பைப்புத் தண்ணியில விட்ட.

நான் கோவப்படுறது உன் மேல இல்ல, அதை நல்லா வாங்கிக்க. பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், நான்தான் விதை போட்டவன். ஆனா யோசிச்சுப் பாரு. கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்றேங்கிற. எப்ப சொல்லுவ? முதல் வாரம் சொல்ல முடியாது, ஏமாத்திட்டாகன்னு ஆயிரும். மாமியாரு சாம்பிராணி போடுவாக, நீ பாத்ரூமுக்குள்ள ஓடுவ. புது வீடு, புது மனுசரு, யாருக்கும் உன் தோள்பட்டை ஏறுறது தெரியாது. ஒருநாள் இன்ஹேலர் காலியா இருக்கும். அன்னைக்கு நீ சத்தம் போடாம உக்காந்திருப்ப. அங்க தாம்பாளம் எடுக்க நான் வர மாட்டேன் ஆத்தா. எனக்கு இருக்கிற பயம் இது ஒண்ணுதான். கல்யாணம் நின்னு போகும்ங்கிற பயம் எனக்குத் துளி கூட இல்ல. நின்னா நிக்கட்டும். எம்மக மூச்சு நிக்காம இருந்தா போதும்.

இன்னொன்னும் சொல்றேன், நீ அப்ப பாத்ரூமுல இருந்ததால உனக்குத் தெரியாது. மாப்பிள்ளைப் பையன் என் நடையைப் பாத்துட்டு, "மாமா, கால்ல என்ன?"ன்னு கேட்டாரு. உங்க அத்தை என்னை முழிச்சுப் பாத்துச்சு, சும்மா இருன்னு. நான் செருப்பைக் கழட்டிக் காட்டிட்டேன். "சர்க்கரை மாப்பிள்ளை. ரெண்டு விரலு எடுத்தாச்சு. சொல்லாம வச்சிருந்ததால வந்த வினை"ன்னேன். அந்தத் தம்பி முகத்தைச் சுளிக்கல. குனிஞ்சு பாத்தாரு. "சர்க்கரை உள்ளவுகளுக்குன்னு மெத்துன்னு செருப்பு இருக்கு மாமா, அளவு சொல்லுங்க, தேவகோட்டையில கிடைக்கலன்னா மதுரையில வாங்கியாரேன்"னாரு. என் விரலைப் பத்திக் கேட்டுட்டு ஓடாத ஆளு உன் மூச்சைப் பத்திக் கேட்டா ஓடிருவாருன்னு நீயா ஏன் முடிவு பண்ற? ஓடுனாலும் சரிதான். இன்ஹேலரைப் பாத்து ஓடுறவன் எம்மகளுக்கு வேண்டாம்.

உன் உடம்பு, உன் வாய். உனக்குப் பதிலா நான் போயிச் சொல்ல மாட்டேன். சின்னப்புள்ளையில உன் வாயை அடைச்சவன், இப்ப அதே வாயைப் பிடுங்கிப் பேசுறதும் தப்புத்தான். ஆனா எவராவது எங்கிட்ட நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். இதை முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் அப்பன் காட்டிக் குடுத்துட்டான்னு சொல்லாத.

சீர்த்தட்டு வாங்கியாச்சு. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டு முன்வாசல் வழியாத் தட்டைக் கொண்டு போயி, கூடத்துல எல்லாரும் பாக்கப் பரப்பி வைக்கணும். இருபத்தொரு தட்டு. உங்கம்மா இருபதுக்குச் சாமான் சொல்லிட்டா, பழம், பூ, சேலை, மஞ்சள், குங்குமம், கண்ணாடி, சீப்புன்னு. இருபதோட நிறுத்த முடியாது, ஒத்தைப்படையிலதான் வைக்கணும். இருபத்தொண்ணாவது தட்டு காலியா என் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. உங்க அத்தை அதுல பேரீச்சம்பழம் வைக்கலாம்ங்குது. என்ன வைக்கணும்னு நீ சொல்லு. பேரீச்சம்பழம்னு நீ சொன்னா அதையே வைக்கிறேன், ஆனா அதை என் முகத்தைப் பாத்துச் சொல்லணும்.

நீ அந்தப் பைப்புச் சத்தத்துல ஒளிச்சு அமுக்குனதைச் சொன்னேன்னு வையி, அந்தத் தட்டை எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். பன்னெண்டு காரு நின்ன வாசலுக்குப் போகாம அன்னைக்குப் பின்வாசல் வழியா ஓடுனவன், இந்தத் தடவை எல்லாத் தட்டுக்கும் முன்னாடி, முன்வாசல் வழியா அதைத் தூக்கிக்கிட்டு வருவேன். கால்ல எட்டு விரல்தான் இருக்கு, நடை மெதுவாத்தான் இருக்கும். வழி விடச் சொல்லு.

உன் அப்பா